யாரோ கொடுத்து வைத்த இரத்தம்

தங்கைக்கு ஏறிக்கொண்டிருந்த இரத்தப் பையில் ஒரு சிறிய தாள் ஒட்டியிருந்தது. விடியற்காலை வார்ட்டில் அவளுக்குப் பக்கத்தில் நின்றபோது அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கொடுத்தவரின் பெயர் இல்லை. ஓர் இலக்கம், குருதி வகை, எடுத்த திகதி, காலாவதியாகும் திகதி, அவ்வளவுதான். எடுத்த திகதி பெப்ரவரி 18. அன்று மார்ச் 9.

பெப்ரவரி 18 எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலபோக நெல் விளைந்து கிடக்க, அறுவடை இயந்திரம் எங்கள் வரம்புக்கு வரட்டும் என்று காத்திருந்தோம். சித்தப்பாவின் மகள், எங்கள் எல்லோருக்கும் தங்கை, நிறைமாத வயிற்றோடு மர நிழலில் இருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். ஏறத்தாழ அதே நேரத்தில் ஏதோ ஒரு பாடசாலை மண்டபத்திலோ கோயில் மடத்திலோ ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டுப் படுத்திருந்திருக்கிறார். அவருக்குத் தங்கையைத் தெரியாது. அவளுக்கு இரத்தம் வேண்டியிருக்கும் என்று அவளுக்கே அப்போது தெரியாது.

பிள்ளை இரவு பதினொரு மணிக்குப் பிறந்தது. அரை மணி நேரத்துக்குள் தாதியர் வேகமாக நடக்கத் தொடங்கினார்கள், பிறகு ஓடினார்கள். வெளியே நின்ற மச்சானுக்கு, தங்கையின் கணவருக்கு, செய்தி வந்ததும் அவர் செய்த முதல் காரியம், சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டியதுதான். "என்னுடையதை எடுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள்" என்று கதவுக்கு வெளியே நின்று கையை நீட்டினார். வயதான தாதி ஒருவர் அந்தக் கையை மெல்லப் பிடித்துக் கீழே இறக்கினார். "தம்பி, நீங்கள் கொடுக்கிற இரத்தம் ஒருநாளும் வீண்போகாது. ஆனால் இப்போது இவருக்கு ஏற்றப்போவது அது இல்லை. ஏற்றப்போகும் இரத்தம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது" என்றார்.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த வாசகம்தான். அவசரம் வந்த பிறகு நீட்டப்படும் கை, எவ்வளவு அன்போடு நீட்டப்பட்டாலும், பெரும்பாலும் அந்த உயிருக்கு நேரத்துக்கு உதவாது. உதவுவது முன்கூட்டியே யாரோ கொடுத்து, பரிசோதனை முடிந்து, குளிர்பெட்டியில் காத்திருக்கும் பைதான். இலங்கையின் வடக்கே, எங்கள் வன்னியில், இதை நாம் இன்னும் ஆழமாக உணர வேண்டியிருக்கிறது.

பிரசவத்தில் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நிறைமாதக் கர்ப்பிணியின் கருப்பைக்கு ஒரு நிமிடத்தில் 500 முதல் 700 மில்லிலீற்றர் வரை இரத்தம் பாய்கிறது. பிள்ளை பிறந்து நச்சுக்கொடி கழன்றதும் கருப்பைத் தசை கல்லைப் போல இறுகி, திறந்து கிடக்கும் இரத்தக் குழாய்களை நெரித்து மூடிவிட வேண்டும். இயற்கையின் ஏற்பாடு அதுதான். சில தாய்மாரில் அந்தத் தசை தளர்ந்தே கிடக்கிறது. அப்போது குழாய்கள் திறந்த மதகுகளாகின்றன. சாதாரணமாக ஒரு வளர்ந்தவரின் உடலில் இருப்பது ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தம். அதில் இரண்டு லீற்றர் போய்விட்டால் உயிர் ஊசலாடும். கணக்கைப் பார்த்தாலே புரியும், நம் கையில் இருப்பது மணிக்கணக்கு அல்ல, நிமிடக்கணக்கு. கருப்பையை இறுக வைக்கும் ஒட்சிற்றோசின் ஊசியும் இரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்தும் வைத்தியரின் கையும் ஒருபுறம் போராடும். மறுபுறம், இழந்ததை ஈடுசெய்ய இரத்தம் வேண்டும். உலகம் முழுவதும் தாய்மாரைக் காவுகொள்ளும் காரணங்களில் இந்த இரத்தப்போக்கு முன்வரிசையில் நிற்கிறது.

சேலைன் ஏற்றினால் போதாதா என்று அன்று இரவு என்னிடமே ஒருவர் கேட்டார். சேலைன் குழாய்களில் நீரின் அளவைக் கூட்டும், இதயம் வெறுமையில் அடித்துக்கொள்ளாமல் காக்கும். ஆனால் அது ஒட்சிசனைச் சுமக்காது. அதைச் சுமப்பவை செங்குருதிக் கலங்கள் மட்டுமே. அளவுக்கு மிஞ்சிச் சேலைன் ஏற்றினால் எஞ்சியிருக்கும் இரத்தமும் நீர்த்துப்போய் உறையும் சக்தியையும் இழந்துவிடும். தொழிற்சாலையில் செய்யக்கூடிய மாற்று ஒன்று இன்றுவரை வைத்தியசாலைகளின் பொதுப் பாவனைக்கு வந்து சேரவில்லை. மனிதருக்கு மனிதர் கொடுத்தால்தான் உண்டு.

சரி, மச்சானின் கையை ஏன் இறக்கினார்கள்? முதற்காரணம் நேரம். எடுக்கும் ஒவ்வொரு பையிலும் எச்.ஐ.வி., ஹெப்பற்றைற்றிஸ் பி, ஹெப்பற்றைற்றிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதனை நடக்க வேண்டும். அதன் பிறகும் நோயாளியின் இரத்தத்தோடு அந்தப் பையின் இரத்தம் ஒத்துப்போகிறதா என்று பொருத்திப் பார்க்க வேண்டும். பொருத்திப் பார்ப்பதற்கே ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆகும். நள்ளிரவில், இரத்தம் வழிந்துகொண்டிருக்கும்போது, இவை எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து செய்ய நேரம் கிடைக்காது.

இரண்டாவது காரணத்தைக் கேட்டபோது நான் திகைத்துப்போனேன். கணவனின் இரத்தத்தைப் பிள்ளை பெறும் வயதிலுள்ள மனைவிக்கு ஏற்றுவதை வைத்தியர்கள் இயன்றவரை தவிர்க்கிறார்கள். கணவனின் கலங்களில் இருக்கும் அடையாளங்களுக்கு எதிராக மனைவியின் உடல் பிறபொருளெதிரிகளை உண்டாக்கிவிட்டால், அடுத்து அவள் சுமக்கும் பிள்ளையின் கலங்களிலும் தகப்பனின் அந்த அடையாளங்கள் இருக்கும் அல்லவா, அவை தாக்கப்படலாம். தாய், தகப்பன், உடன்பிறந்தவர்களின் இரத்தத்திலும் ஓர் ஆபத்து இருக்கிறது. கலங்கள் நெருங்கி ஒத்திருப்பதால், கொடுத்தவரின் வெண்குருதிக் கலங்களைப் பெற்றவரின் உடல் அயலார் என்று இனங்காணாமல் விட்டுவிடும். உள்ளே தங்கிய அவை பின்னர் அந்த உடலையே தாக்கத் தொடங்கும். அபூர்வமாக நடப்பது. நடந்தால் பெரும்பாலும் உயிர் தப்பாது. கதிர்வீச்சுச் செலுத்தி அந்த வெண்கலங்களைச் செயலிழக்கச் செய்தால்தான் உறவினரின் இரத்தத்தை நம்பி ஏற்றலாம்.

"சொந்த இரத்தம்" என்பது எங்களிடம் பெரிய சொல். உறவின் இரத்தமே பாதுகாப்பானது, முன்பின் தெரியாதவருடையது எப்படியோ என்ற எண்ணம் ஊரில் ஆழ வேரூன்றியிருக்கிறது. வைத்தியம் சொல்வதோ நேர்மாறாக இருக்கிறது. பரிசோதிக்கப்பட்ட, யாரென்றே தெரியாத அயலவரின் இரத்தமே தங்கைக்கு மிகப் பாதுகாப்பானது.

இந்த அறிவு எளிதில் வந்ததல்ல. மனிதரின் இரத்தத்தை மனிதருக்கு ஏற்றலாம் என்று 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முயன்ற ஜேம்ஸ் ப்ளண்டெல், லண்டனில் மகப்பேற்று வைத்தியராக இருந்தவர். பிள்ளை பெற்றுவிட்டு இரத்தம் வழிந்து கண்முன்னே இறந்த தாய்மார்தான் அவரை அந்த முயற்சிக்குத் தள்ளினார்கள். சிலர் பிழைத்தார்கள், பலர் பிழைக்கவில்லை. ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. 1901இல் கார்ல் லான்ட்ஸ்ரைனர் குருதி வகைகளைக் கண்டறிந்து வெளியிட்ட பிறகுதான் அந்த மர்மம் விலகியது. அவர் பிறந்த ஜூன் 14ஐயே உலகக் குருதிக் கொடையாளர் நாளாக வைத்திருக்கிறார்கள்.

எங்கள் நாட்டிலும் ஒரு காலத்தில் நோயாளியின் குடும்பம்தான் ஆள் பிடித்து வர வேண்டியிருந்தது. ஒரு பை வாங்கினால் ஒருவரைக் கொண்டுவந்து ஈடு செய்ய வேண்டும். 2014ஆம் ஆண்டளவில் தேசிய குருதி மாற்றுச் சேவை அந்த முறையை முற்றாக விட்டொழித்து, பணமோ பண்டமோ வாங்காமல் தாமாக முன்வந்து கொடுப்பவர்களின் இரத்தத்திலேயே முழு நாட்டையும் நடத்தும் நிலைக்கு வந்தது. ஆண்டுக்கு 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட பைகள் இப்படித்தான் சேர்கின்றன. அரசாங்க வைத்தியசாலையில் நோயாளி அதற்கு ஒரு சதமும் கொடுப்பதில்லை.

இந்த மாற்றத்தால் வேறு எவரையும் விட அதிகம் காப்பாற்றப்பட்டவர்கள் வன்னிக் குடும்பங்கள் என்று உறுதியாக நம்புகிறேன். ஆள் பிடித்து வா என்றால் இங்கே யாரிடம் ஆள் இருக்கிறது? கணவன் இல்லாத, அண்ணன் தம்பி இல்லாத, தாயும் இரண்டு பெண் பிள்ளைகளுமாக வாழும் வீடுகள் எத்தனை? போரில் இழந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள், கடல் கடந்து போனவர்கள் எல்லோரையும் கழித்துவிட்டுப் பார்த்தால், நள்ளிரவு ஒரு மணிக்கு வைத்தியசாலைக்கு ஓடிவர ஓர் ஆண்பிள்ளையும் இல்லாத குடும்பம் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் ஒவ்வொரு வீதியிலும் இருக்கிறது. கனடாவில் இருக்கும் மாமா பணம் அனுப்பலாம், இரத்தம் அனுப்ப முடியாது. தனித்து நிற்கும் அந்தத் தாயின் பிள்ளைக்கு, நாற்பது உறவுகளோடு வந்து நிற்கும் குடும்பத்தின் பிள்ளைக்குக் கிடைக்கும் அதே பை, அதே வேகத்தில் கிடைக்க வேண்டுமானால், குளிர்பெட்டி நிறைந்திருக்க வேண்டும். முன்வந்து கொடுப்பவர்கள் குறைந்துபோனால் முதலில் அடிபடுவது அவள்தான்.

தூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முல்லைத்தீவிலிருந்து மாங்குளத்துக்கு ஏறக்குறைய 50 கிலோமீற்றர், அங்கிருந்து வவுனியாவுக்கு ஏறக்குறைய இன்னொரு 50. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு 65 கிலோமீற்றர் அளவில். மல்லாவி, ஒட்டுசுட்டான், முழங்காவில், கொக்கிளாய் போன்ற இடங்களில் இருந்து வருபவர்கள் பெரிய வீதியை அடையவே நேரம் எடுக்கும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வருகிறது, அது பெரிய வரம். ஆனாலும் காட்டு வீதியில் யானை நின்றால் அம்புலன்ஸும் நிற்கத்தான் வேண்டும். மாவட்டப் பொது வைத்தியசாலைகளின் இரத்த வங்கிகள் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன, இங்கே இல்லாததை அங்கிருந்து எடுப்பிக்கிறார்கள். எடுப்பிக்கும் அந்த ஒன்றரை மணி நேரம், இரத்தம் வழிந்துகொண்டிருப்பவருக்கு வாழ்நாளை விட நீளமானது.

அரிய வகை என்றால் நிலைமை இன்னும் இறுக்கமானது. நம் நாட்டில் 100 பேரில் ஏறக்குறைய 5 பேர்தான் நெகட்டிவ் வகையினர். ஓ வகையினர் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஆக, ஓ நெகட்டிவ் என்பது 100 பேரில் இரண்டு அல்லது மூன்று பேர். வகை தெரியாமல் வந்து சேரும் ஒருவருக்கு, முக்கியமாகப் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும், பொருத்திப் பார்க்க அவகாசமே இல்லாதபோது முதலில் எடுப்பது அந்தப் பையைத்தான். உங்கள் வகை ஓ நெகட்டிவ் என்றால் ஊரில் ஆயிரம் பேருக்கு நடுவே நீங்கள் இருபது முப்பது பேரில் ஒருவர். தயவுசெய்து உங்கள் மாவட்ட இரத்த வங்கியில் பெயரைப் பதிந்து வையுங்கள்.

பிரசவத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் வன்னியின் வாழ்வைச் சொன்னதாகாது. ஏ-9 வீதி செப்பனிடப்பட்ட பிறகு வாகனங்களின் வேகம் கூடியது. இரவில் தார் வீதியின் சூட்டுக்கு மாடுகள் வந்து படுக்கின்றன. விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டி ஒன்று வீதியோரம் நிற்கும். மோட்டார் சைக்கிளில் வரும் பிள்ளையின் தொடை எலும்பு முறிந்தால், வெளியே ஒரு துளி தெரியாமலே உள்ளுக்குள் ஒரு லீற்றருக்கு மேல் இரத்தம் கசியும். யானை அடித்தவர்கள், மரத்திலிருந்து விழுந்தவர்கள், பழைய வெடிபொருளைத் தெரியாமல் மண்வெட்டியால் தட்டியவர்கள் என்று இந்த மண்ணுக்கே உரிய காயங்கள் வேறு இருக்கின்றன.

புடையன் கடியைத் தனியே சொல்ல வேண்டும். விதைப்பிலும் அறுவடையிலும் வரம்பில் மிதிபடும் இந்தப் பாம்பின் நஞ்சு, இரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருள்களைத் தின்று தீர்த்துவிடுகிறது. கடிபட்டவரின் இரத்தத்தில் கொஞ்சம் எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அசைக்காமல் 20 நிமிடம் வைப்பார்கள். பிறகு குழாயைச் சரித்துப் பார்ப்பார்கள். நல்ல இரத்தம் கட்டியாகி அப்படியே நிற்கும். நஞ்சேறிய இரத்தம் தண்ணீரைப் போல ஓடும். அந்தக் குழாய் சரியும் கணத்தில் பக்கத்தில் நிற்கும் மனைவியின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. இதற்கு மருந்து நஞ்செதிர்ப்பு ஊசிதான், இரத்தம் அதற்கு மாற்றல்ல. ஆனால் இரத்தப்போக்குத் தொடங்கிவிட்டால் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவும் இரத்தமும் தேவைப்படும் கட்டம் வரலாம்.

டெங்கு பற்றி ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே கலைத்துவிடலாம். "பிளேட்லட் இறங்கிவிட்டது, உடனே இரத்தம் வேண்டும்" என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் செய்தி பறக்கிறது. டெங்கு நோயாளிக்கு எண்ணிக்கை இறங்கிவிட்டது என்பதற்காக மட்டும் குருதிச் சிறுதட்டுகளை ஏற்றுவதில்லை. நீர்ச்சத்தை மணிக்கு மணி அளந்து கொடுப்பதே அங்கே உயிர்காக்கும் சிகிச்சை. உள்ளே இரத்தம் கசிந்தால்தான் இரத்தம் ஏற்றுவார்கள். குடும்பத்தார் பதற்றத்தில் இரத்தம் தேடி அலைவதை விட, நோயாளி குடித்த நீரையும் கழித்த சிறுநீரையும் தாதி சொன்னபடி குறித்துக் கொடுத்தால் அது பெரிய உதவி.

சத்தமில்லாத அவசரங்களும் உண்டு. தெல்லிப்பழைக்கும் மகரகமவுக்கும் பஸ் ஏறிப்போகும் புற்றுநோயாளர்களுக்கு, மருந்து ஏற ஏற எலும்பு மச்சை சோர்ந்து இரத்தம் குறைந்துவிடுகிறது. சிறுநீரகம் பழுதடைந்தவர்களும் அப்படியே. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயோடு பிறந்த பிள்ளைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும், இரத்தம் ஏற்ற வேண்டும். குறித்த நாளில் பை இல்லை என்றால் சிகிச்சை தள்ளிப்போகும், பஸ் காசும் ஒருநாள் கூலியும் போகும்.

இனி நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். இரத்தத்தைச் சேமித்து வைக்கலாம், நெல்லைப் போல அல்ல. செங்குருதிக் கலங்களை 2 முதல் 6 பாகை செல்சியஸ் குளிரில் வைத்தாலும், பையிலுள்ள பாதுகாப்புத் திரவத்தைப் பொறுத்து 35 நாள் அல்லது 42 நாள்தான் தாக்குப்பிடிக்கும். குருதிச் சிறுதட்டுகளைக் குளிரூட்டக்கூடாது, அறை வெப்பநிலையில் ஓயாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அப்படியும் 5 நாள்தான் ஆயுள். உறையவைத்த பிளாஸ்மா மட்டும் ஓர் ஆண்டு வரை நிற்கும்.

எங்கள் முகாம்களோ நினைவுநாள்களைச் சுற்றியே நடக்கின்றன. மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் நினைவை ஒட்டி, ஜூனில் கொடையாளர் நாளை ஒட்டி, பழைய மாணவர் சங்கங்களின் ஆண்டு விழாக்களை ஒட்டி. அப்பாவின் ஆண்டுத் திவசத்தில் அன்னதானத்தோடு ஓர் இரத்ததான முகாமும் வைக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். இதைக் குறையாகச் சொல்லவே மாட்டேன், இதில் எங்கள் மண்ணின் மனம் இருக்கிறது. போரின் இறுதி மாதங்களில், இரத்தம் இல்லாத வைத்தியசாலைகளில் காயப்பட்டவரின் சொந்த இரத்தத்தையே துணியால் வடித்து அவருக்கே திரும்ப ஏற்றினார்கள் என்பதை ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் தன் அறிக்கையில் எழுதியிருக்கிறது. ஒரு பை இரத்தம் இல்லாமல் மகனைப் பறிகொடுத்த தாய், அவனுடைய நாளில் இன்னொரு தாயின் மகனுக்காக இரத்தம் சேர்க்கிறாள் என்றால் அதைவிடப் பொருளுள்ள படையல் எது?

நான் கேட்பதெல்லாம், அந்த மனம் ஆண்டின் மற்ற மாதங்களுக்கும் பரவட்டும் என்பதுதான். மே நடுப்பகுதியில் கொடுத்த செங்குருதிக் கலங்கள் ஜூலைக்கு நிற்காது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மாரி மழை. விதைப்பு வேலை, சேற்று வீதி, காய்ச்சல் என்று முகாம்கள் குறைகிற காலம் அதுதான். புடையனும் டெங்குவும் வீதி விபத்தும் தலைதூக்கும் காலமும் அதுதான். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை நாம் மறந்திருக்க முடியாது. அப்படியொரு நாளில் வீதி அறுந்தால், உள்ளே குளிர்பெட்டியில் இருப்பது மட்டும்தான் இருப்பு. முகாம் நடத்தும் சங்கங்கள் தங்களுக்குள் பேசி மாதங்களைப் பங்கிட்டுக்கொண்டால் மிகப் பெரிய மாற்றம் வரும். ஒரே வாரத்தில் நான்கு முகாம்களை விட, நான்கு மாதங்களில் நான்கு முகாம்கள் கூடுதல் உயிர்களைக் காக்கும்.

யார் கொடுக்கலாம் என்பது சிக்கலானதல்ல. 18 வயது முதல் 60 வயது வரை, 50 கிலோகிராமுக்குக் குறையாத எடை, இரத்தத்தில் போதிய ஹீமோகுளோபின், கடைசியாகக் கொடுத்து நான்கு மாதம் ஆகியிருக்க வேண்டும். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். வெறும் வயிற்றோடு போகவே கூடாது. எடுப்பது 450 மில்லிலீற்றர் அளவு. இழந்த நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும், செங்கலங்கள் சில வாரங்களில். நாம் கொடுக்காமல் வைத்திருந்தாலும் ஒரு செங்குருதிக் கலம் ஏறக்குறைய 120 நாளில் உடலுக்குள்ளேயே அழிந்துதான் போகிறது. வயல்வேலை செய்பவனுக்கு இரத்தம் கொடுத்தால் உடல் சோர்ந்துவிடும் என்ற அச்சம் ஊரில் பரவலாக இருக்கிறது. அன்று மட்டும் பாரம் தூக்காமல், வெயிலில் நிற்காமல், நிறையத் தண்ணீர் குடித்து ஓய்ந்தால் போதும்.

பெண்கள் ஆசையோடு வந்து திரும்பிப்போவதைப் பல முகாம்களில் கண்டிருக்கிறேன். விரல் நுனியில் குத்தி ஒரு துளியை நீல நிறச் செப்புச் சல்பேற்றுக் கரைசலில் விடுவார்கள். துளி விரைந்து கீழே மூழ்கினால் இரத்தம் செறிவாக இருக்கிறது என்று பொருள். நடுவில் தயங்கி மிதந்தால் கொடுக்க முடியாது. மாவட்டத்தின் மறுகோடியிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு பெண்ணின் துளி அப்படித் தயங்கி நின்றது. அவர் அழுதேவிட்டார். அழ வேண்டியதில்லை, அது அவருக்கே கிடைத்த நல்ல எச்சரிக்கை. சோற்றோடு சேர்த்துத் தேநீர் குடிக்கும் வழக்கம் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. அதை ஒரு மணி நேரம் தள்ளிவைத்து, மீனும் கீரையும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துக்கொண்டு, வைத்தியர் தரும் இரும்புக் குளிசையையும் எடுத்தால் அடுத்த முறை துளி மூழ்கக்கூடும்.

உடலில் எறிகணைச் சிதறலைச் சுமந்துகொண்டிருப்பவர்கள், போர்க் காலத்தில் இரத்தம் ஏற்றப்பட்டவர்கள், அண்மையில் இந்தியா போய்வந்தவர்கள், தாங்களாகவே "நமக்கு ஆகாது" என்று விலகிவிடுகிறார்கள். அல்லது கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மறைக்கிறார்கள். இரண்டுமே வேண்டாம். முகாமில் வைத்தியர் இருப்பார். அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், முடிவை அவர் எடுக்கட்டும். எந்தப் பரிசோதனைக்கும் பிடிபடாத ஆரம்ப நாள்கள் தொற்றுநோய்களுக்கு உண்டு. அந்த இடைவெளியை அடைப்பது கொடையாளரின் நேர்மை மட்டுமே.

கைபேசியில் சுற்றும் "அவசரம்" செய்திகள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நோயாளி குணமாகி வீடு போன பிறகும், சிலவேளை இறந்து முப்பத்தொன்றும் முடிந்த பிறகும், செய்தி மட்டும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கும். முன்னனுப்புவதற்கு முன் திகதியைப் பாருங்கள், வைத்தியசாலை இரத்த வங்கியோடு பேசி உறுதிப்படுத்துங்கள். வங்கியே ஒரு வகைக்குத் தட்டுப்பாடு என்று அறிவித்தால் அன்றே போங்கள். மற்ற நாள்களில் எந்தச் செய்தியும் வராமலே போங்கள்.

தங்கைக்கு அன்று நான்கு பை ஏறியது. ஐந்தாம் நாள் பிள்ளையோடு வீடு வந்தாள். அதற்கு அடுத்த வாரம் மச்சான் எவரிடமும் சொல்லாமல் இரத்த வங்கிக்குப் போய்க் கையை நீட்டியிருக்கிறார். இம்முறை எவரும் அதைக் கீழே இறக்கவில்லை. அங்கே அவருக்குக் கொடுத்த அட்டையில் திகதி எழுதியிருந்தது. நான்கு மாதம் கூட்டினால் ஜூலை, இன்னும் நான்கு மாதம் கூட்டினால் நவம்பர். நவம்பரில் விதைப்பும் மழையும் ஒன்றாக நிற்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அந்த மாதத்துத் தாளைப் புரட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.